பிரேக் ஆயில் மூடி: ரப்பர் மட்டும் போதுமா, மூடி வேண்டுமா, மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

பைக்கின் முன் பிரேக் லீவருக்குப் பக்கத்தில், மாஸ்டர் சிலிண்டரின் (லீவர் தள்ளும் பிஸ்டன் உள்ள உடம்பு) மேல் இருக்கும் சின்ன ஆயில் கிண்ணத்தின் மூடியை மாற்ற நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும். மூடி ஓரம் ஈரமாக இருக்கிறது. ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது. வண்டி கீழே விழுந்து மூடி விரிசல் விட்டிருக்கிறது. இல்லையென்றால் பெயின்ட் உரிந்து பார்க்க நன்றாக இல்லை. இந்த நான்குக்கும் மூடி வாங்குவதுதான் தீர்வு என்று போனால் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீராது. புது மூடி போட்ட மறுவாரமே அதே இடம் மறுபடியும் ஈரமாகும். எதை மாற்றுவது என்று தீர்மானிக்க, மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது, எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மூடியைக் கழற்றினால் மேலிருந்து கீழாக மூன்று பாகங்கள். முதலில் மூடி, அலுமினியத்தில் வார்த்தது அல்லது பிளாஸ்டிக். அதற்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தகடு. சில வண்டிகளில் இது இருக்காது. அதற்கும் கீழே மடிப்பு மடிப்பாக டயாஃப்ரம் ரப்பர். ஆயிலை உண்மையில் அடைத்து வைப்பது இந்த ரப்பர்தான். மூடி அந்த ரப்பரின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் கிண்ணத்தின் விளிம்போடு சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் மூடியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது என் ரப்பரைச் சரியாகப் பிடிக்குமா என்பதுதான். நிறமும் பளபளப்பும் அதற்குப் பிறகு.

ரப்பர் ஏன் மடிப்பாக இருக்கிறது? பிரேக் பேட் தேயத் தேய, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும், கிண்ணத்தில் மட்டம் இறங்கும். மடிப்புகள் விரிந்து ரப்பரும் ஆயிலோடு சேர்ந்து இறங்கும். ரப்பருக்கு மேல் பக்கம் காற்று வந்து போக மூடியின் உள்பக்கத்திலோ விளிம்பிலோ மயிரிழை போல ஒரு பள்ளம் இருக்கும். காற்று ரப்பருக்கு மேலே நின்றுவிடும், ஆயிலைத் தொடாது. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஈரம். பிரேக் ஆயிலின் தரப் பெயர்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற ரசாயன வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீர் குடித்துவிட்டால் அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும், லீவர் பஞ்சு போல அமுங்கும். ஓரம் சரியாக உட்காராத மூடி செய்யும் பெரிய கெடுதல் இதுதான். வெளியே தெரியும் நாலு சொட்டு அதற்கு அடுத்ததுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். லீவரை அழுத்தும்போது வரும் பிரேக் அழுத்தம் மூடியில் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது. லீவர் கொஞ்சம் நகர்ந்ததும் உள்ளே பிஸ்டனின் ரப்பர், கிண்ணத்துக்குப் போகும் சிறு துளையைத் தாண்டி அதை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தம் முழுவதும் காலிப்பருக்குத்தான். மூடி தாங்குவது ஆயில் அலம்புவதையும், சூட்டில் அது கொஞ்சம் விரிவதையும் மட்டுமே. அதனால்தான் இந்த ஸ்க்ரூக்களுக்குப் பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்கள் சொல்லும் இறுக்கம் 1.5 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரைதான். ஸ்க்ரூடிரைவரின் பிடியை மூன்று விரலால் பிடித்துத் திருப்பி, நின்றதும் விட்டுவிடும் அளவு. உள்ளங்கையால் பிடித்து முறுக்கினால் அது ஏற்கனவே அதிகம்.

அதிகமாக முறுக்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீள்சதுர மூடியில் ஸ்க்ரூ இரண்டே இடத்தில்தான், இரண்டு கோடிகளில். அந்தக் கோடிகள் கீழே இழுக்கப்பட, மூடியின் நடுப்பகுதி வில் போல மேலே எழும்பும். கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் நீளப் பக்கத்தின் நடுவில் கிண்ணத்துக்கும் மூடிக்கும் இடையே கோடு அகலமாகியிருக்கும். கசிவு அங்கேதான் வரும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் இன்னும் எழும்பும்.

மூடி வாங்கும் முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

முதலில் மூடியையும் சுற்றுப்புறத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடியும் கிண்ணமும் சேரும் கோட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பேப்பர் எந்த இடத்தில் நனைந்திருக்கிறது என்பது பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நீளப் பக்கத்தின் நடுவில் என்றால் வளைந்த மூடி அல்லது செத்துப்போன ரப்பர். மூலையில் என்றால் ரப்பர் விளிம்பு மடங்கி உட்கார்ந்திருக்கலாம், அல்லது விளிம்பில் மண் துகள் சிக்கியிருக்கலாம். பேப்பர் காய்ந்திருந்து, மட்டம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஈரம் என்றால் குற்றம் கிண்ணத்தில். லீவர் பிஸ்டனைத் தள்ளும் இடத்தில், ரப்பர் உறைக்குள் ஈரம் என்றால் பிஸ்டன் சீல் போய்விட்டது. இந்தக் கடைசி இரண்டுக்கும் எந்த மூடியும் உதவாது. பிஸ்டன் சீல் போன வண்டியை ஓட்டுவதையே நிறுத்த வேண்டும்.

வந்த ஈரம் பிரேக் ஆயில்தானா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கிளைக்கால் வகை கலந்து மறைந்துவிடும். கேபிளுக்குப் போட்ட எண்ணெய் என்றால் மேலே மிதக்கும்.

ஆயில் மாற்றிய சில நாட்களுக்குள் மட்டும் ஈரம் தெரிந்தால் அது பெரும்பாலும் கசிவே இல்லை. நிரப்பும்போது ரப்பரின் மேல்பக்க மடிப்புக்குள் கொஞ்சம் ஆயில் சிந்தியிருக்கும். மூடியை இறுக்கியதும் அது காற்றுப் பள்ளம் வழியாக நாலைந்து நாள் வெளியே வந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து, ரப்பரின் மேல்பக்கத்தையும் தகட்டையும் மூடியின் உட்புறத்தையும் சுத்தமாகத் துடைத்துத் திரும்பப் போட்டால் முடிந்தது. இதற்குப் போய் மூடி வாங்கியவர்கள் ஏராளம்.

ஸ்க்ரூ சொல்லும் சேதி

எதை வாங்குவது என்ற முடிவை உண்மையில் எடுப்பது ஸ்க்ரூ கழன்று வரும் விதம்தான். அதனால் பாகம் வாங்கும் முன்பே கழற்றிப் பாருங்கள்.

இரும்பு ஸ்க்ரூ, அலுமினிய உடம்பு, நடுவில் மழைத்தண்ணீர். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து, மரைக்குள் வெள்ளைப் பொடி கட்டிக்கொள்ளும். தலையோ 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவின் மெல்லிய தட்டைத் தலை. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் இருப்பது சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலத் தெரியும் ஜே.ஐ.எஸ். வகை, தலையில் புள்ளி போல ஒரு சிறு குழி இருந்தால் அதுதான். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனை அதன் அடிவரை உட்காராது, அழுத்தித் திருப்பும்போது ஏறி வழுக்கும். ஜே.ஐ.எஸ். 2ஆம் நம்பர் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்துக்கொண்டால் பாதி மூடிகளின் ஸ்க்ரூ பிழைத்துவிடும்.

முனையைக் குழியில் நேராக வைத்து, ஸ்க்ரூடிரைவரின் தலையில் சின்னச் சுத்தியால் நான்கைந்து தட்டு தட்டுங்கள். இன்னொரு கையால் மாஸ்டர் சிலிண்டரைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். அந்த அதிர்ச்சியில் பொடி உடையும். பிறகு திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை அதிகமாக இருக்கும்படி திருப்புங்கள். முதல் முறை வழுக்கினாலே நிறுத்துங்கள், இரண்டாவது முறையில் குழி வட்டமாகிவிடும். அடுத்தது, சூடான சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஓரிரு நிமிடம் வைப்பது. ஸ்க்ரூ மட்டும் சூடாகி விரிந்து மறுபடி சுருங்கும்போது பிடி விடும். நெருப்பு காட்டுவது வேண்டாம். பக்கத்திலேயே ஆயிலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன.

துரு நீக்கும் ஸ்பிரேயை இங்கே அடிக்கவே கூடாது. அது பெட்ரோலிய எண்ணெய். டாட் ஆயிலுக்கான ரப்பர்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பும். மூடி ஓரத்தில் புகுந்த சில சொட்டு ஆயிலில் கலந்தால் கெடுவது டயாஃப்ரம் மட்டுமல்ல, பிஸ்டன் சீல், காலிப்பர் சீல் எல்லாமே.

எதற்கும் அசையாத ஸ்க்ரூவைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முழு ஸ்க்ரூவையும் துளைக்க வேண்டியதில்லை. தலைக்கு நடுவில் புள்ளி அடித்து, 4 மில்லிமீட்டர் டிரில்லால் தலை மட்டும் பிரியும் வரை போனால் போதும். மூடி தூக்கினால் வந்துவிடும். மூடியின் பருமன் அளவுக்கு ஸ்க்ரூவின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலையின் இறுக்கம் போய்விட்டதால் வைஸ் பிளையரால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சுலபமாகவே கழலும். துளைக்கும்போது கிண்ணம் மூடியே இருக்கிறது என்பதால் உலோகத் துகள் உள்ளே போகாது. தூக்குவதற்கு முன் ஒவ்வொரு துகளையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் ஆயில் திரும்பி வரும் துளை ஊசிமுனை அளவுதான். அதில் ஒரு துகள் உட்கார்ந்தால் லீவரை விட்ட பிறகும் பிரேக் முழுதாக விடாது. ஓட ஓட டிஸ்க் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், பிடி இன்னும் இறுகும்.

ரப்பரும் ஸ்க்ரூவும் மட்டும்

ஸ்க்ரூ ஒழுங்காகக் கழன்றது, மூடியில் விரிசல் இல்லை, கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால் ஆடாமல் உட்காருகிறது என்றால் மூடியை வைத்துக்கொள்ளுங்கள். புது டயாஃப்ரமும் புது ஸ்க்ரூ இரண்டும் போதும். அதிகம் பேருக்குத் தேவை இவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பாகம் மூடி என்பதால் அதையே மாற்றுகிறார்கள்.

ரப்பரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்புகளை விரித்தால் கீறல் தெரிகிறதா? அழுத்தி விட்டால் பழைய வடிவத்துக்கு வருகிறதா? விளிம்பில் மூடி அழுத்திய தடம் பள்ளமாகி அப்படியே நிற்கிறதா? இதில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். விளிம்பு அலை அலையாக நெளிந்து, கிண்ணத்தின் பள்ளத்தைவிடப் பெரிதாகி உள்ளே உட்காராமல் துருத்தினால் விஷயம் வேறு. அது பழமை இல்லை, பெட்ரோலிய எண்ணெய் கலந்து ரப்பர் உப்பியிருக்கிறது. அந்த வண்டியில் டயாஃப்ரமை மட்டும் மாற்றி ஓட்டுவது ஆபத்து. மாஸ்டர் சிலிண்டர் கிட், காலிப்பர் சீல், ஹோஸ் எல்லாம் மாற்றி, உள்ளே முழுக்கக் கழுவ வேண்டும்.

ஸ்க்ரூவுக்கு எவர்சில்வர் ஆலன் ஸ்க்ரூ போடலாமா என்று கேட்பார்கள். தலை சரிவாக உட்காரும் தட்டைத் தலை வகையாக இருந்தால் போடலாம். ஆனால் 4 மில்லிமீட்டர் தட்டைத் தலைக்கு ஆலன் சாவி 2.5 மில்லிமீட்டர்தான், அந்தச் சிறு குழியில் மண் அடைந்து, சாவி பாதி மட்டும் இறங்கினால் அதுவும் வழுக்கும். எவர்சில்வரும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பு நிற்கப்போவதும் இல்லை. எதைப் போட்டாலும் மரையில் சிட்டிகை சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். நீளம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ இறங்கும் குழி அடி மூடியது. நீளம் கூடினால் ஸ்க்ரூ அடியில் முட்டி இறுகியது போலக் காட்டும், மூடி தளர்வாகவே இருக்கும். குறைந்தால் நாலு மரையில் தொங்கி, அந்த நாலையும் அறுத்துக்கொண்டு வரும்.

கம்பெனி மூடி

மூடி விரிசல் விட்டிருந்தால், வளைந்திருந்தால், ஸ்க்ரூ தலை உட்காரும் சரிவு சிதைந்திருந்தால் கம்பெனி மூடிதான் எங்கள் முதல் சிபாரிசு. காற்றுப் பள்ளமும் ரப்பரை அழுத்தும் விளிம்பும் அந்த ரப்பருக்காகவே வார்க்கப்பட்டவை. மூடி, தகடு, ரப்பர், ஸ்க்ரூ ஆகியவை பல கம்பெனிகளில் தனித்தனி எண்ணில் வரும். மூடி மட்டும் வாங்கி வந்து பழைய ரப்பரோடு போட்டால் பணம் பாதி வீண். ஒரே மாடலில் ஏ.பி.எஸ். உள்ளதும் இல்லாததும் வேறு மாஸ்டர் சிலிண்டரோடு வரலாம், இடையில் கம்பெனியே மாற்றியிருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் மேல் 14 அல்லது 1/2 என்று எண் இருந்தால் அது உள்ளே பிஸ்டனின் விட்டம் (14 மில்லிமீட்டர், 1/2 அங்குலம்). மூடியின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூடி மேல் எந்த ஆயில் என்று எழுத்து இருக்கும். அடுத்து திறப்பவருக்கு அது ஒன்றுதான் வழிகாட்டி. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, டாட் 5.1 கிளைக்கால் வகை. பெயர் நெருக்கம் என்றாலும் கலக்கக் கூடாது. எழுத்தில்லாத மூடி போடுவதானால் பழைய மூடியின் வாசகத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அச்சு அசல் போன்ற மாற்று மூடிகளைக் குறை சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. வார்ப்பு சுத்தமாக இருந்தால் மூடி என்ற அளவில் வேலை செய்யும். ஏமாற்றுவது அதோடு வரும் ரப்பரும் ஸ்க்ரூவும். ரப்பர் கெட்டியாக, மடிப்பு ஆழமில்லாமல் இருக்கும். ஸ்க்ரூ தலை முதல் முறையே மசியும். மாற்று மூடி வாங்கினாலும் ரப்பரைக் கம்பெனியிலேயே வாங்குங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்த மூடிக்கும் இதே விதி: மூடி தட்டையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ரப்பரை ஒருபோதும் வேண்டாம்.

சி.என்.சி. கடைசல் மூடி

கலர் அலுமினியத்தில் கடைந்த மூடி அழகுதான். அதில் நல்லதும் உண்டு: கெட்டியான தகடு என்பதால் நடுவில் எளிதில் எழும்பாது. ஆனால் வடிவமைத்தவர் மூடியின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து அளவெடுத்திருந்தால் உள்பக்கம் வெறும் தட்டையாக இருக்கும். வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். பழைய மூடியைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து ஒப்பிடுங்கள்.

ரப்பர் விளிம்பை அழுத்தும் மேடு அதே அகலத்தில், அதே உயரத்தில் இருக்கிறதா? வெர்னியரின் ஆழக் கம்பியால் இரண்டையும் அளக்கலாம். காற்றுப் பள்ளம் இருக்கிறதா? இல்லாவிட்டால் மட்டம் இறங்கும்போது ரப்பர் தாராளமாக இறங்க முடியாமல் மேலே வெற்றிடம் உருவாகும். அந்த இழுப்பு பலவீனமான ஓரத்தில் காற்றை உள்ளே இழுக்கும். ரப்பரே தேவையில்லை, ஓ-ரிங் போதும் என்று வரும் மூடிகளை வாங்கவே வேண்டாம். காற்று வழி வைத்தால் ஆயில் அலம்பி வெளியே வரும், ஈரம் உள்ளே போகும். வைக்காவிட்டால் இப்போது சொன்ன வெற்றிடம்.

ஸ்க்ரூ துளைகளின் தூரத்தை அளக்க எளிய வழி: இரண்டு துளைகளின் உள் ஓரத்துக்கு நடுவே அளந்து, அதோடு ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கான தூரம் வந்துவிடும். பழைய மூடியோடு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட ஸ்க்ரூ சாய்ந்துதான் இறங்கும். அலுமினிய மரை அதற்குத் தாங்காது. கூட வரும் ஸ்க்ரூ உருண்டைத் தலையாக இருக்க, மூடியில் சரிவுக் குழி இருந்தால் தலை குழியின் ஓரத்தில் வளையம் போல ஒரு கோட்டில் மட்டும் உட்காரும். சில நாளில் தளரும். மூடி தடிமனாக இருந்தால் பழைய ஸ்க்ரூவின் நீளமும் பத்தாது. இத்தனையும் ஒத்துப்போகும் கடைசல் மூடி கிடைத்தால் மனநிறைவோடு போடுங்கள்.

பழைய மூடிக்குப் பெயின்ட் அடிப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. வெளிப்பக்கம் மட்டும் அடிக்கலாம். உள் விளிம்பில் பெயின்ட் பட்டால் ஆயில் அதைச் சில வாரத்தில் ஊறவைத்து உரிக்கும். உரிந்த செதில் போகும் இடம் அந்த ஊசிமுனைத் துளை. சிலிக்கான் கேஸ்கெட் பசை தடவி மூடுவதற்கும் இதே காரணத்தால் தடை.

மரை போன கிண்ணம்

ஸ்க்ரூ கழன்றபோது அலுமினிய இழைகளைச் சுற்றிக்கொண்டு வந்தால் மரை போய்விட்டது. இங்கே தேர்வு மூடிகளுக்கிடையே இல்லை. ஹெலிகாயில் (புது மரையாக வேலை செய்யும் கம்பிச் சுருள்) போட்டு அதே 4 மில்லிமீட்டர் மரையை மீட்கலாம். அல்லது 4.2 மில்லிமீட்டர் டிரில் விட்டு 5 மில்லிமீட்டர் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு, மூடியின் துளையையும் பெரிதாக்கலாம். இரண்டில் ஹெலிகாயிலே மேல், ஏனென்றால் பழைய அளவு ஸ்க்ரூவும் மூடியும் அப்படியே பொருந்தும். ஆனால் இந்த வேலையை வண்டியில் வைத்து, கிண்ணத்தில் ஆயிலோடு செய்யாதீர்கள். துணி அடைத்து, கிரீஸ் தடவிய டேப் போட்டாலும் துகள் தப்பும். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் புது பிரேக் ஆயிலால் கழுவி, சிறு துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்தால் சீல் கிட்டும் புதிதாகப் போட வேண்டும்.

அந்த உழைப்பைக் கணக்கிட்டால், இரண்டு மரையும் போனது, மட்டக் கண்ணாடியும் ஊறுகிறது, பிஸ்டன் உறைக்குள் ஈரம் என்று இரண்டு மூன்று குறைகள் சேர்ந்தாலே முழு மாஸ்டர் சிலிண்டர் வாங்குவது சரி. வாங்கும்போது பிஸ்டன் விட்டம் மாறக் கூடாது. 12.7 மில்லிமீட்டருக்குப் பதில் 14 போட்டால் பிஸ்டனின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். லீவர் கல் போல இறுகும், அதே பிரேக்குக்கு விரலில் அவ்வளவு அதிக பலம் வேண்டும். ஹோஸை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும், நடுவில் ஆயில் துளை உள்ள பேஞ்சோ போல்ட்டையும் கவனியுங்கள். ஜப்பானியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், பிரெம்போ கம்பெனியுடையதில் 1.0. ஒன்றை இன்னொன்றில் திருகினால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கே பலம் காட்டினால் புது மாஸ்டர் சிலிண்டர் கெட்டது. போல்ட்டின் இருபக்க வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும், பிறகு ஹோஸுக்குள் சிக்கிய காற்றை முழுக்க எடுக்க வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் இடது பக்கமும் இதே போன்ற கிண்ணம் இருக்கும். மகுரா கம்பெனியின் கிளட்சுகள் சிலவற்றில் மினரல் ஆயில் ஓடும். அதன் ரப்பர் வேறு இனம். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக அந்த டயாஃப்ரமை பிரேக்குக்கோ, பிரேக்குடையதை அங்கேயோ மாற்றிப் போடக் கூடாது.

போடும் விதம்

ஹேண்டில்பாரைத் திருப்பிக் கிண்ணத்தை மட்டமாக நிறுத்துங்கள். டேங்க், மீட்டர், முன் மட்கார்டு மேல் ஈரத்துணி போடுங்கள். ஆயில் சிந்தினால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பெயின்டில் பரவும். மூடியைச் சுற்றிப் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், கிண்ணத்தின் விளிம்பில் கீறல் விழும். மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டினால் விடும்.

மூடி இல்லாதபோது லீவரைத் தொடாதீர்கள். சிறு துளை வழியாக ஆயில் நூல் போலப் பீறிட்டு முகம் வரை வரும். கண்ணில் பட்டால் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பைப் பஞ்சு பிரியாத துணியால் சுற்றித் துடையுங்கள். ஆயில் தெளிவாக இருந்தால், பேட் தேய்ந்திருக்கும் வண்டியில் மேல் கோடு வரை நிரப்ப வேண்டாம். பிறகு புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அத்தனையும் வழியும். கீழ்க் கோட்டுக்கு மேல் இருந்தால் அப்படியே விடலாம். ஆயில் காப்பி நிறத்தில் இருந்தால் மூடி வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள், புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து. மட்டம் அடித்துளை வரை இறங்கவில்லை என்றால் மூடி மாற்றியதற்காகக் காற்று எடுக்கத் தேவையில்லை.

பழைய ரப்பரையே போடுவதானால் விரிந்து தொங்கும் மடிப்புகளை விரலால் உள்ளே தள்ளிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்தால் தொங்கும் ரப்பர் ஆயிலுக்குள் முங்கி, ஆயிலை விளிம்பு மேல் தள்ளும். இறுக்கிய பிறகு கசியும். ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததை விரல் நுனியால் தடவி உறுதி செய்து, தகடு, மூடி வையுங்கள். ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று மரையில் விழுவது கையில் தெரியும். அங்கிருந்து முன்னே திருகினால் குறுக்கு மரை ஏறாது. இரண்டையும் மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக, அந்த மூன்று விரல் இறுக்கம் வரை.

திருகு மூடி உள்ள உருண்டைக் கிண்ணங்களில் விதி கொஞ்சம் மாறும். பெரும்பாலும் பின் பிரேக்கிலும், தனிக் கிண்ணம் உள்ள முன் பிரேக்கிலும் இவை இருக்கும். இங்கே தகடுதான் முக்கியம். மூடி தகட்டின் மேல் வழுக்கிச் சுழலும், ரப்பர் அசையாமல் நிற்கும். தகடு இல்லாமல் போட்டால் மூடியோடு ரப்பரும் முறுக்கிக்கொண்டு ஓரத்தில் சுருக்கம் விழும், கசிவு அந்தச் சுருக்கத்தில். கடைசல் திருகு மூடிகள் பல இதே இடத்தில்தான் தோற்கின்றன. கையிறுக்கம் போதும், பிளையர் கூடாது. மூடி தானாகத் திரும்பாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பூட்டுத் தகடு இருந்தால் அதைத் திரும்பப் பொருத்தாமல் வண்டியை எடுக்காதீர்கள். பின் கிண்ணம் பிளாஸ்டிக் என்பதால் கழுத்தைச் சுற்றியும், ஹோஸ் மாட்டும் மூக்கின் அடியிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இருந்தால் கிண்ணமும் ஹோஸும் சேர்த்து மாற்றுங்கள். தனி மூடி வாங்க வேண்டாம்.

முடித்ததும் எல்லா இடத்தையும் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். லீவரை அழுத்திப் பிடித்தால் கெட்டியாக நிற்க வேண்டும். விட்டதும் சக்கரம் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். பழைய டிஷ்யூ பேப்பர் சோதனையை அன்று ராத்திரி ஒருமுறையும், ஒரு நல்ல ஓட்டத்தில் பிரேக் சூடேறி ஆறிய பிறகு இன்னொருமுறையும் செய்யுங்கள். இரண்டாவதில் மட்டும் பேப்பர் நனைந்தால் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சூட்டில் விரிந்த ஆயிலுக்கு இடமில்லாமல் போயிருக்கும். கூடுதலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, விளிம்பைத் துடைத்து, மறுபடி மூடுங்கள்.